போபனும் மோளியும் யார் வீட்டுப் பிள்ளைகள்?

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவரில், தசரதன் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்வதிலிருந்து ராமன் அயோத்தி திரும்புவது வரை ராமாயணம் ஓடுகிறது. காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என ஐந்தே நிறம்தான். பச்சை மேனியைக் கண்டால் ராமன் என்று கொள்ளலாம். அவனே அடுத்தடுத்து வந்து நிற்க, கதை நகர்கிறது. சித்திரக்கதை செய்வதும் இதைத்தான். இந்த அரண்மனையை 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் ஊர் வாயில் அது டச்சு அரண்மனை ஆகிவிட்டது. கட்டியவர், பழுது பார்த்தவர், படுத்துறங்கியவர் எல்லாருக்கும் வரலாற்றில் இடம் கிடைத்திருக்கிறது. சுவரில் வரைந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைக் காட்டி, படைத்தவன் பெயருக்கும் உரிமைக்கும் மல்லுக்கட்டுவது நம் வழக்கமே இல்லை, அது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்த வாதம் அச்சு இயந்திரத்தை மறந்துவிடுகிறது. சுவரைப் பெயர்த்தெடுத்து வாரம் ஒருமுறை விற்க எந்த மன்னராலும் முடியாது. ஓவியனை அனுப்பிவிட்டு, அதே ராமனை வேறொருவர் கையால் வரையச் சொல்லிக் காசு பார்க்கவும் வழியில்லை. வார இதழ் வந்த பிறகுதான் உருவம் வேறு, அதை வரைந்த கை வேறு என்று பிரித்து விலைபேச முடிந்தது. கேரளத்தில் அந்த விலைப்பேச்சு ஒரு வழக்காக முற்றி, மட்டாஞ்சேரிக்கு எதிரே காயலைக் கடந்தால் வரும் எறணாகுளத்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கில் சிக்கியவர் டோம்ஸ்.

குட்டநாட்டில் 1929இல் பிறந்த வி.டி. தோமஸ்தான் டோம்ஸ். வேலியில் இருந்த இடைவெளி வழியாக அவர் வீட்டு முற்றத்தைக் குறுக்குவழியாக்கிப் பள்ளிக்கூடம் போன இரண்டு குழந்தைகளே போபனும் மோளியும். தன்னை வரையச் சொல்லி அந்தப் பெண் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. பின்னாளில் தன் சொந்தப் பிள்ளைகளுக்கும் அவர் அந்தப் பெயர்களையே வைத்தார். 1957இல் ‘மலையாள மனோரமா’ வார இதழில் படத்தொடர் வரத் தொடங்கியது. அவர் மனோரமாவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தது 1961இல். இந்த நான்கு வருட இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அதில்தான் தொங்கியது. வக்கீல் அப்பா, மனைவிக்கு நடுங்கும் பஞ்சாயத்துத் தலைவர் இட்டுண்ணன், கிதாரும் கையுமாக அலையும் அப்பி ஹிப்பி, நடுவே வாலாட்டிக்கொண்டு ஓடும் நாய் என்று ஒரு கிராமமே கடைசிப் பக்கத்தில் குடியிருந்தது. மலையாளிகள் அந்த இதழைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள் என்பது கேரளத்தில் இன்றும் சொல்லும் பேச்சு.

1987இல் வேலையை விட்ட டோம்ஸ், ‘கலாகௌமுதி’ இதழில் போபனையும் மோளியையும் வரையப் போனார். மனோரமா நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை வாங்கியது. வேறொருவரைக் கொண்டு அதே பாத்திரங்களைத் தன் இதழிலும் தொடர்ந்தது. ஆக, பெற்றவர் வரையக் கூடாது, மற்றவர் வரையலாம் என்ற விநோத நிலை. 1988இல் உயர் நீதிமன்றம் டோம்ஸுக்கு எதிரான தடையை நீக்கியது. வேலைக்குச் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் அவை; வேலை முடிந்த பின் அவர் புதிதாக வரைவதைப் பழைய முதலாளி தடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

அமெரிக்கக் கதையை அருகில் வைத்தால் இதன் அருமை தெரியும். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஓய்வூதியமும் படைத்தவர் என்ற பெயரும் திரும்பக் கிடைக்க 1975 வரை காத்திருந்தார்கள். மார்வெலின் பாதி உலகைத் தன் பென்சிலால் கட்டிய ஜாக் கிர்பி, தான் வரைந்த மூலத் தாள்களைத் திரும்ப வாங்கவே 1980களில் போராட வேண்டியிருந்தது. கிடைத்தது சிறு பகுதிதான். அங்கே எழுத ஒருவர், பென்சிலுக்கு ஒருவர், மைக்கு ஒருவர், எழுத்துப் பொறிக்க ஒருவர் என வேலை பிரிந்து கிடந்தது. எல்லாருக்கும் பொதுவாக நின்றவர் பதிப்பாளர் மட்டுமே. டோம்ஸ் எழுதியதும் வரைந்ததும் ஒரே மேசையில். இது யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சிதறிப் போகவில்லை. படைத்தவரை மறப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. சிவகாசி முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை உருகி உருகிப் படித்த எத்தனை பேருக்கு அதை வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோவைத் தெரியும்? லண்டன் பதிப்பாளரே அவர் பெயரைப் போடவில்லை.

டோம்ஸ் வென்றது புகழால் என்று சிலர் நினைக்கலாம். கிர்பிக்கு இல்லாத புகழா? முதலில் பாத்திரம், பிறகு வேலை என்ற வரிசையும், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும்தான் அவரைக் காத்தன என்பது என் கணிப்பு. இதழில் பணிபுரிபவர் இதழுக்காகச் செய்த படைப்பில், இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் படைத்தவரே என்கிறது அந்தப் பிரிவு. சூப்பர்மேனை மொத்தமாக விழுங்கிய ஏற்பாட்டுக்கும் இதற்கும் காததூரம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. அச்சிட்டது, ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது, கால் நூற்றாண்டு சம்பளம் கொடுத்தது இதழ்தான். இதழ் இல்லாவிட்டால் அந்த இரண்டு குழந்தைகள் குட்டநாட்டு வேலியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். சரிதான். ஆனால் அந்த முதலீட்டுக்கான பலனை விற்பனையாக இதழ் அந்தந்த வாரமே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துப் படங்களை இதழில் போடும் உரிமையையும் சட்டம் அதற்கே தருகிறது. நாளை ஒருவர் வரையப்போவதற்கு நேற்றைய சம்பளம் விலையாகாது. பிழைப்பு வேறு இடத்தில் இருந்தவருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 1961 முதல் 1973 வரை ‘மாத்ருபூமி’ வார இதழில் ராமுவையும் குருஜியையும் வரைந்த ஜி. அரவிந்தன், ரப்பர் வாரியச் சம்பளத்தில் வாழ்ந்தார். தொடரை முடித்துவிட்டுச் சினிமாவுக்குப் போனார். படத்தொடரே பிழைப்பு என்றிருந்த டோம்ஸுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு அவர் தன் பெயரிலேயே பதிப்பகம் நடத்தி, 2016இல் இறக்கும்வரை போபன், மோளியோடுதான் இருந்தார்.

ஆனால் 17ஆம் பிரிவில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: மாறான ஒப்பந்தம் இல்லாதபோது. டோம்ஸ் காலத்தில் வார இதழ் அலுவலகத்தில் ஒரு நியமனக் கடிதத்தோடு காரியம் முடிந்தது. இன்று ஓர் இதழில் சேரும் இளைஞர் முதல் நாளே பல பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அதில் எல்லா உரிமையும் முதலாளிக்கே என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், டோம்ஸைக் காத்த வாசல் சட்டப்படியே மூடிவிடும்.