மௌனம் சம்மதமான கதை: சிங்கப்பூரின் உறுப்பு தானச் சட்டம்

சிங்கப்பூரில் 21 வயதை எட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுகாதார அமைச்சிடமிருந்து ஒரு கடிதம் வருவது வழக்கம். அது பிறந்தநாள் வாழ்த்து அல்ல. "உங்கள் மறைவுக்குப் பிறகு உங்கள் உறுப்புகள் பிறர் உயிரைக் காக்கப் பயன்படலாம். விருப்பமில்லை என்றால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்" என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். பலர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால், பதில் எழுதாமல் இருப்பதும் ஒரு பதில்தான். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரில் அது சட்டமாகவே ஆகிவிட்டது.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை.

உலகில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே நடந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1970ஆம் ஆண்டு, சிங்கப்பூர் மருத்துவர்கள் தங்கள் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைச் செய்து காட்டினர். இறந்தவர் ஒருவரிடமிருந்து பெறப்பட்ட சிறுநீரகம் அது. மருத்துவம் தயாராகிவிட்டது. கொடுப்பவர்கள் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடையாக 1972இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவ சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு உடலையோ உறுப்புகளையோ கொடுக்க விரும்புவோர், 18 வயது நிறைந்திருந்தால், தாங்களே முன்வந்து பதிந்துகொள்ளலாம். இறந்தவர் மறுப்பு எதுவும் தெரிவிக்காத நிலையில், அவருடைய குடும்பத்தாரும் தானம் செய்யலாம். நல்ல சட்டம்தான். ஆனால் முன்வந்தவர்கள் குறைவு. தானத்தை யாரும் வெறுத்ததாகச் சொல்ல முடியாது. சாவைப் பற்றி உட்கார்ந்து யோசித்து, படிவம் வாங்கி, கையெழுத்துப் போடப் பெரும்பாலோருக்கு மனம் வருவதில்லை. இன்னொரு பக்கம், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் காத்திருந்தார்கள்.

1987ஆம் ஆண்டு நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. கேள்வியையே அது திருப்பிப் போட்டது. "யார் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்ட காலம் போய், "யாருக்கு விருப்பமில்லை?" என்று கேட்கும் காலம் வந்தது. மறுப்பு எழுதித் தராதவர் சம்மதித்தவராகக் கருதப்பட்டார். மனிதனின் உடல்மீது அரசாங்கத்துக்கு ஏது உரிமை என்ற கேள்வி எழுந்தது நியாயமே. அதனால்தான் சட்டம் எச்சரிக்கையாகவே அடியெடுத்து வைத்தது. சிறுநீரகம் மட்டும், விபத்தில் இறந்தவர்களிடமிருந்து மட்டும், 21 முதல் 60 வயது வரை மட்டும் என்று எல்லை வகுத்தது. விலகிக்கொள்ளும் கதவையும் திறந்தே வைத்தது.

அந்தக் கதவுக்கு ஒரு விலை உண்டு. விலகியவருக்கே பின்னாளில் அந்த உறுப்பு தேவைப்பட்டால், விலகாதவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். மனம் மாறி மறுப்பை மீட்டுக்கொண்டால், இரண்டு ஆண்டுகள் கழித்து மற்றவர்களுக்குச் சமமான இடம் கிடைக்கும். கொடுப்பதும் பெறுவதும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பது சட்டத்தின் எண்ணம்.

தொடக்கத்தில் முஸ்லிம்கள் இச்சட்டத்திற்கு வெளியே இருந்தார்கள். விரும்பியவர்கள் தாமாகப் பதிந்துகொள்ளலாம். முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1973இல் உறுப்பு மாற்றை அனுமதிக்கவில்லை. எண்பதுகளில் சிறுநீரக தானத்தை நிபந்தனைகளோடு ஏற்றது. படிப்படியாக நடந்த ஆலோசனைகளின் முடிவில், 2007ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட சமயத் தீர்ப்பு, முஸ்லிம்களும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட வழிவிட்டது. 2008 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் உட்பட எல்லாரும் ஒரே சட்டத்தின்கீழ் வந்தார்கள். உயிர் காப்பது கடமை என்ற கருத்து சமய வாதத்துக்குள்ளேயே இடம் பிடிக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே சட்டத்தின் எல்லைகளும் விரிந்தன. 1990ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் இருதய மாற்றும் கல்லீரல் மாற்றும் நடந்துவிட்டன. 2004 ஜூலையிலிருந்து சிறுநீரகத்தோடு கல்லீரல், இருதயம், கருவிழி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. விபத்து மட்டுமின்றி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் சட்டம் பொருந்தும் என்றானது. 60 வயது என்ற மேல்வரம்பு 2009இல் நீக்கப்பட்டது.

ஏட்டில் எழுதிய சட்டம் மனித மனத்தோடு மோதியதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூளைச் சாவு அடைந்த ஒருவரின் உறவினர்கள், அவர் பிழைத்துவிடுவார், இன்னும் சற்றுப் பொறுங்கள் என்று மருத்துவமனையில் கதறி அழுத செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. மூளைச் சாவு என்பது மயக்கம் அல்ல. மூளை திரும்ப முடியாதபடி செயலிழந்துவிட்டது என்பதை, உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராத இரு மருத்துவர்கள் உறுதிசெய்த பிறகே அது மரணமாக ஏற்கப்படுகிறது. ஆனால் இயந்திரத்தின் உதவியால் மார்பு ஏறி இறங்குகிறது. உடலில் சூடு இருக்கிறது. தாய்க்கும் மனைவிக்கும் அது உயிராகத்தானே தெரியும்? அந்த நேரத்தில் சட்டத்தை முதன்முதலாகக் கேள்விப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை!

கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியா வேறு பாதையில் நடந்தது. 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தின்கீழ் அங்கே விருப்பமுள்ளவர்களே பதிந்துகொள்கிறார்கள். ஆனால் ஒருவர் பதிந்திருந்தாலும், அவர் மறைந்த பிறகு குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்பதே மருத்துவமனைகளின் நடைமுறை. குடும்பம் மறுத்தால், அவர் ஆசையோடு பதிந்தது வீணாகிவிடும். இங்கே பேசாதிருப்பது சம்மதம். அங்கே சம்மதித்தவரின் சொல்லும் எடுபடாமல் போகலாம். இரண்டு சட்டங்களும் வேறு வேறாக இருந்தாலும், இரண்டும் கடைசியில் வந்து நிற்பது மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பத்தின் முன்தான்.

"நல்ல நாளும் அதுவுமா, என்ன பேச்சு இது?" என்று தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்கும்போதே அடக்கப்படுகிறது. ஆனால் கண்ணப்பர் கண்ணைக் கொடுத்த கதையையும், சிபிச் சக்கரவர்த்தி தன் சதையை அறுத்துத் தந்த கதையையும் அதே வீடுகளில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம்.

சிங்கப்பூரில் இன்றும் இரண்டு கதவுகள் உள்ளன. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். ஓர் உறுப்புக்கு மட்டும் மறுப்புத் தெரிவிக்கவும் இடமுண்டு. நான்கு உறுப்புகளுக்கு மேலும் தர விரும்புவோரும், மருத்துவக் கல்விக்கு உடலைத் தர விரும்புவோரும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளலாம். எந்தக் கதவைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. அதற்குப் படிவம் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையே போதும்.