தட்டில் யார் பேர்? காய்கறிப் போட்டி வந்த கதை

மே மாசம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்குப் போய் மலர்க் கண்காட்சி பார்த்தவங்க நம்ம கூட்டமைப்பில் நிறையப் பேர் இருக்கோம். பூக்களோடு காய்கறியில் செதுக்கிய உருவங்களும் வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காமல் யாரும் கீழே இறங்குவதில்லை. அந்தக் காய் எந்தக் காட்டில் விளைந்தது, யார் களை எடுத்தது என்று கேட்கிற ஆளைத்தான் காணோம். ஆனால் காய்கறிக் கண்காட்சி ஆரம்பித்த காலத்தில் "இதை வளர்த்தது யார்?" என்பதுதான் முதல் கேள்வி.

நம்ம நாட்டில் இந்தக் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1820ல் வில்லியம் கேரி என்ற பாதிரியார் அங்கே ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் சின்ன வயசில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். கோஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு போன்ற சீமைக் காய்களை நன்றாக வளர்த்துக் கொண்டு வந்த நம்ம ஊர்த் தோட்டக்காரர்களுக்குச் சங்கம் பரிசு கொடுத்தது. வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேசைக்கு நல்ல காய் வேண்டும் என்பதும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. என்றாலும் மண்ணில் கை வைத்தவனுக்கே பரிசு போனது. 1835ல் சென்னையிலும் இப்படி ஒரு சங்கம் வந்தது.

ஊட்டிக் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819க்குப் பிறகு நீலகிரி மலையில் சீமைக் காய்கறிகளைப் பயிரிட ஆரம்பித்தார். 1845 வாக்கில் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஒன்று சேர்ந்து, ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். சந்தா கட்டினவருக்குத் தோட்டத்துக் காய் வீடு வந்துவிடும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம மாதச் சேமிப்பு மாதிரியேதானே! ஆனால் அவர்கள் தோட்டம் சரியாக ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் பொதுத் தோட்டம் என்ற யோசனை வந்து, 1848ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் வந்து இன்றைய தாவரவியல் பூங்காவை அமைத்தார். மூணு ரூபாய்க் காய்கறித் தோட்டத்தில் தொடங்கிய இடத்தில் 1896ல் இருந்து மலர்க் கண்காட்சி நடக்கிறது. இப்போது குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் கோடை விழாவோடு சேர்ந்து நடக்கின்றன.

கோத்தகிரியில் காய்கறிக்கென்றே தனி விழா வைப்பது நல்ல விஷயம். ஆனாலும் அங்கேயும் கூட்டம் நிற்பது டன் கணக்கில் காய் அடுக்கிச் செய்த பெரிய உருவங்கள் முன்னால்தான். அதில் கேரட் வெறும் செங்கல் மாதிரி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

போட்டி என்றால் எப்படி இருக்கணும் என்று தெரிய இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் போகணும். அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் லீக்ஸ் என்ற வெங்காயச் சாதிக் காயைப் போட்டிக்கு வளர்ப்பார்கள். வருசம் பூராவும் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, அந்தப் பணத்தில் வீட்டுச் சாமான் வாங்கிப் பரிசாக அடுக்குவார்கள். போட்டி நெருங்கினால் யாராவது பொறாமையில் செடியை வெட்டிவிடுவார்களோ என்று ராத்திரி தோட்டத்திலேயே காவல் படுப்பார்களாம்! அமெரிக்காவில் இன்னொரு வகை. அங்கே 2023ல் கலிபோர்னியாப் போட்டியில் ஜெயித்த பூசணி 1,247 கிலோ. அது கூட்டு வைக்க வளர்த்த காய் இல்லை.

எடைப் போட்டியை விட்டால், தட்டில் வைக்கும் போட்டியில் பெரிய காய்க்கு மவுசு இல்லை. ஒரு தட்டில் உள்ள எல்லாக் காயும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பருவமாக இருக்கணும். நாலு காய் அழகாக இருந்து ஒன்று மட்டும் ரொம்பப் பெரிசாக இருந்தால் மார்க் குறையும். தக்காளி, கத்தரிக்கு மேல்காம்பு வாடாமல் ஒட்டியிருக்கணும். வெள்ளரிக்காய் மேல் இருக்கிற மாவு மாதிரிப் பூச்சைத் துடைத்துவிடக் கூடாது, அதுதான் காய் புதுசு என்பதற்கு அடையாளம். கேரட்டின் தழையை மூணு அங்குலம் விட்டு நறுக்கணும். பூச்சிக்கடி இருந்தால் போச்சு.

இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தரணுமா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றுவதற்கு முன்னால், விடியக்காலையில் களத்தில் உட்கார்ந்து முதல் ரகம், இரண்டாம் ரகம், சொத்தை என்று பிரிப்பது யார் கை? நம்ம ரெட்டியார்சத்திரத்திலேயே இஸ்ரேல் நாட்டுக் கூட்டுறவில் வந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே நிழல்வலைக்குள் குழித்தட்டு நாற்று வளர்ப்பதைப் பாருங்கள். ஒரு தட்டு நாற்றும் ஒரே உயரமாக நிற்கணும். போட்டித் தட்டுக்கு வேண்டிய சீர் நாற்றிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சிக்கு (எது என்று வேண்டாம்) எங்க குழு அக்கா ஒருத்தர் கத்தரிக்காய் கொண்டு போனார். நாற்று விட்டது, தண்ணி கட்டினது, பறித்தது எல்லாம் அவர்தான். தட்டுக்கு முன்னால் வைத்த சீட்டில் வீட்டுக்காரர் பேர் இருந்தது. பட்டா அவர் பேரில் இருக்கிறதாம், அதனால் விண்ணப்பமும் அவர் பேரில்தானாம். இரண்டாம் பரிசு வந்தது, அவர்தான் மேடை ஏறி வாங்கினார். அக்கா கீழே நின்று கைதட்டினார். "காய் நம்ம காய்தானே, விடு" என்றார் என்னிடம். எனக்கு விட மனசு வரவில்லை. இருநூறு வருசத்துக்கு முன்னால் கல்கத்தாவில் நிலம் சொந்தமில்லாத தோட்டக்காரன் கைக்குப் பரிசு வந்திருக்கிறது. நம்ம கைக்கு ஏன் வரக் கூடாது?

அதனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த ஆண்டுப் பொதுக்குழு அன்றைக்கு மண்டபத்து ஓரம் நாலு மேசை போடுவோம். கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் என நம்ம தரையில் விளைவது போதும். தட்டுக்கு ஐந்து காய். பட்டா யார் பேரில் என்று கேட்க வேண்டாம், சீட்டில் வளர்த்தவர் பேர், குழுவின் பேர், ஊர் பேர் மட்டும் எழுதுவோம். நடுவராகக் காய் தரம் பிரித்தே கை தேய்ந்த நம்ம அக்காக்கள் இரண்டு பேரைக் கூப்பிடுவோம். அவர்கள் குழுவின் தட்டு மட்டும் அந்த மேசையில் இருக்கக் கூடாது.