மணலில் எழுதிய பேர்

ஹற்றன், நுவரெலியா தோட்டங்களில் அந்நாளில் ஏடு தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு மணலே சிலேட்டு. லயத்துக் காம்பராவிலோ கோயில் வாசலிலோ மணலைப் பரப்பி, 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லியபடி விரலால் எழுதுவார்கள்; அழித்து மறுபடி எழுதுவார்கள். ஓசை காதிலும் வடிவம் விரலிலும் ஒன்றாகப் பதியும் இம்முறை, தமிழகத்துத் திண்ணைப் பள்ளியிலிருந்து நம் முன்னோரோடு மலையேறி வந்தது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது. நடைமுறையில் பல தோட்டங்களில் கிடைத்தது ஓர் அறை, ஓர் ஆசிரியர். எழுதப் பழகிய பிஞ்சு விரலைக் கொழுந்தும் கேட்டது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் விழுந்தது முழுப்பேரா, அரைப்பேரா என்பதை எழுத்தறியாதவர் எப்படி அறிவார்? பெருவிரல் ரேகை பதித்துவிட்டுத் தந்ததை வாங்கி வந்தார்.

1977 முதல்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. சட்டம் வந்து அப்போது 70 ஆண்டுகள். அதுவரை மணலில் தன் பேரை எழுதிய ஒவ்வொரு பிள்ளையும், பெற்றவரின் பேரைச் செக்ரோலில் வாசிக்கவும் பழகிக்கொண்டிருந்தது.