தென்னை இல்லாத மலையில் சாராயம்

பத்துப் பேருக்கு மார்கரிட்டா கலக்குறது பெரிய வித்தை இல்ல. டெக்கீலா அரை லீட்டர், ஒரேஞ்ச் லிக்கர் கால் லீட்டர், அன்றைக்கே பிழிஞ்ச தேசிக்காய்ச் சாறு கால் லீட்டர். ஒவ்வொரு கிளாஸாக ஐஸ் போட்டுக் குலுக்கினா ஐஸ் கரைஞ்சு தண்ணி தானாச் சேரும். மொத்தமாகக் கலக்கும்போது அந்தத் தண்ணியை நாமளே அளந்து ஊத்தணும், கிட்டத்தட்ட 200 மில்லிலீட்டர். பிரிட்ஜில் வச்சு, விருந்தாளி வந்ததும் விளிம்பில் உப்புத் தடவின கிளாஸில் ஊத்திக் கொடுக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்களில் இந்த மாதிரிப் பானங்களைக் கலக்குற பிள்ளைகளில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்காங்க. கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு கலக்கினா அதுக்குப் பேர் உபசரிப்பு. அதே பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வந்து, லயத்து வாசலில் சினேகிதன்மாரோட ஒரு போத்தலைத் திறந்தா அதுக்குப் பேர் 'தோட்டத்துக் குடி'. 'தோட்டத்து ஆளுங்கன்னாலே குடிதான்' என்கிற வசனத்தைக் கொழும்பு பஸ்ஸிலும் கேட்கலாம், கம்பஸ் கன்டீனிலும் கேட்கலாம். ஒரே மலையில், சில வேளை ஒரே கையால் ஊத்தப்படுற ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் எப்படி வந்தது? இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அது டெக்கீலாவில் தொடங்கவில்லை, தென்னஞ்சாராயத்தில் தொடங்குது.

ஐந்து பொருள், ஒரு பெரிய கிண்ணம்

மார்கரிட்டா வயசில் சின்னது. 1930களிலும் 40களிலும் மெக்சிக்கோ, அமெரிக்க எல்லைப் பக்கம் பிரபலமானது. 'நான்தான் முதலில் செய்தேன்' என்று உரிமை கோரினவங்க பல பேர். அந்தப் பெயருக்கு ஸ்பானிய மொழியில் டெய்சிப் பூ என்று அர்த்தம். 'டெய்சி' என்ற பெயரிலேயே 19ஆம் நூற்றாண்டில் ஒரு பானம் இருந்தது. மதுவும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்த டெய்சியின் டெக்கீலா வடிவம்தான் மார்கரிட்டா என்பது பலர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம்.

மது, தேசிக்காய், இனிப்பு, அளந்து ஊத்தின தண்ணி. இந்தச் சேர்மானத்தை விருந்தாளிகளுக்காக மொத்தமாகக் கலக்குற பழக்கம் அதுக்கும் மிகப் பழையது. அது நம்ம கடல் பக்கம் உருவானது. ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்று சொல்லும் பானம்தான் அது. கிழக்கிந்தியக் கம்பனி ஆட்கள் 1632ஆம் ஆண்டிலேயே கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதியிருக்காங்க. ஐந்து என்ற பொருள் தரும் 'பஞ்ச' என்ற இந்தியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படுற விளக்கம்: மது, புளிப்பு, இனிப்பு, தண்ணி, வாசனைச் சரக்கு. பஞ்சாமிர்தம் தெரிந்த நமக்கு அந்தக் கணக்கு புதுசில்லை.

அந்த ஐந்தில் முதலாவது பெரும்பாலும் அரக். அரபுச் சொல்லில் அதுக்கு வியர்வை என்று பொருள். வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக இறங்குவதால் வந்த பெயர். இலங்கைக் கரையோரத்தில் தென்னங்கள்ளை வடித்து எடுத்த சாராயம் ஒல்லாந்தர் காலத்திலேயே கப்பல் ஏறின சரக்கு. பிறகு ஆங்கிலேயர் அந்தப் பெரிய கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினாங்க.

1830களிலும் 40களிலும் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பி அழிய, 1867இல் லூல்கந்தூரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுத் தொடங்கின தேயிலை மலையை மூடியது. துரைமாருக்கு கிளப்புகள் வந்தன. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. 1881இல் நுவரெலியாவிலேயே பியர் வடிக்கத் தொடங்கினாங்க. இன்றைய லயன் பியரின் வேர் அங்கேதான். துரைக்குக் குடிக்க ஒரு மண்டபம் இருந்தது, கணப்படுப்பு இருந்தது, கலந்து கொடுக்க ஆள் இருந்தது. பங்களாவில் பத்து விருந்தாளி வந்தா தேசிக்காய் பிழிஞ்சதும், கிளாஸ் கழுவினதும், தள்ளாடின துரையைக் கைபிடிச்சுப் படுக்க வச்சதும் அப்புமாரும் பங்களா வேலைக்காரரும்தான். எவ்வளவு குடிச்சாலும் துரையைப் பற்றிய கதை 'விருந்து' என்றே எழுதப்பட்டது. ஹில் கிளப்பின் கதவோ நெடுங்காலம் இந்த நாட்டு ஆட்களுக்கே மூடியிருந்தது.

தவறணையை யார் கொண்டுவந்தது?

இப்ப லயத்துப் பக்கம் வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். அங்கே தென்னை காய்க்காது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா எங்கேயும் தென்னந்தோப்பு கிடையாது. அப்படின்னா இந்த மலையில் குடிக்கப்பட்ட தென்னஞ்சாராயத்தின் ஒவ்வொரு சொட்டும் கரையோரத்திலிருந்து யாரோ ஏற்றிக்கொண்டு வந்தது. 'இவங்க குடிக்கிற சனம்' என்று சொல்லுறவங்க இந்த ஒரு விசயத்தை யோசிச்சாலே போதும்.

கொண்டுவந்தது அரசாங்கத்தின் குத்தகை முறை. ஆங்கிலேய ஆட்சியில், ஒரு பிரதேசத்தில் சாராயம் சில்லறையாக விற்கும் உரிமை ஏலத்தில் போகும். அதிகம் கேட்டவர் குத்தகைக்காரர். அரசாங்கத்துக்குப் பணம் முன்கூட்டியே நிச்சயம். குத்தகைக்காரர் கட்டின காசை மீட்கணும்னா எங்கே சனம் கூலி வாங்குதோ அங்கே தவறணை இருக்கணும். மலையில் கூலி வாங்கின பெரிய கூட்டம் எது? திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து கங்காணி பின்னால் நடந்துவந்த நம்ம பாட்டன் பூட்டன். தோட்டத்து ஓரத்திலும் பாதைச் சந்தியிலும் தவறணை முளைச்சது இப்படித்தான்.

இந்தக் காசு எங்கே போனது என்று பார்த்தா கதை இன்னும் தெளிவாகும். குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட 'நோபடீஸ் டு சம்படீஸ்' என்ற நூலில், இலங்கையின் புதிய பணக்கார வர்க்கம் முதலைத் திரட்டின முக்கிய வழிகளில் ஒன்று சாராயக் குத்தகை என்று காட்டுறாங்க. மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா மலைநாட்டில் சாராயக் குத்தகை எடுத்தவர். ஹங்குராங்கெத்தையில் கண்டி மன்னருக்குச் சொந்தமாயிருந்த நிலத்தை வாங்கிக் கோப்பி போட்டவர். கங்காணிக் கடன் போக மிச்சம் இருந்த கூலி தவறணைக்குப் போய், குத்தகைக்காரர் கையில் சேர்ந்து, புதுத் தோட்டமாகவும் கொழும்பில் மாளிகையாகவும் திரும்பி எழுந்திருக்கு. குடிச்ச ஆளுக்கு மிஞ்சினது குடிகாரன் என்ற பட்டம்.

துரைமாரும் தவறணையைப் பற்றி முறைப்பாடு சொல்லியிருக்காங்க. அவங்க கவலை, சம்பளத்துக்கு அடுத்த நாள் பெரட்டுக்கு ஆள் குறையுது என்பது. அரசாங்கத்தின் கவலை வருமானம். இந்த ரெண்டு கணக்கிலும் தொழிலாளியின் உடம்போ வீடோ ஒரு கணக்காக வரவில்லை.

1912

1912இல் கலால் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. பழைய குத்தகை முறை போய் அனுமதிப்பத்திர முறை வந்தது. கள்ளும் சாராயமும் தனித்தனித் தவறணைகளுக்குப் பிரிஞ்சது. புதிதாகப் பல கள்ளுத் தவறணைகள் திறக்கப்படும் என்ற நிலை வந்ததும் மதுவிலக்கு இயக்கம் பெரிய அலையாக எழுந்தது. டி.எஸ். சேனாநாயக்கவும் அவர் அண்ணன்மாரும் பொது வாழ்க்கைக்கு வந்த வழி அதுதான். 1915 கலவரத்துக்குப் பிறகு அரசாங்கம் சிறையில் போட்டவர்களில் மதுவிலக்குத் தலைவர்களும் இருந்தாங்க. சாராயப் பணத்தில் எழுந்த குடும்பங்கள் சிலவற்றின் பிள்ளைகளும் அந்த மேடைகளில் ஏறினாங்க என்பது வரலாற்றின் வேடிக்கை.

அந்த இயக்கம் பேசினது கிராமத்தையும் விகாரையையும் பற்றி. லயம் அதன் பேச்சில் பெரிசாக வரவில்லை. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து மலையகத்துக்கும் ஏறினபோது, குடியை விடச்சொல்லி நேரே தொழிலாளியைப் பார்த்தே பேசினார். நல்ல புத்திதான். ஆனா 'விடு' என்று சொல்லுறவங்க எல்லாருமே தொழிலாளியிடம்தான் சொன்னாங்க. தவறணையை அங்கே வச்சவங்களிடம் யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

விருந்தாளியை எங்கே உட்கார வைக்கிறது?

நம்ம ஆட்களுக்கு விருந்து தெரியாமல் இல்ல. கல்யாணம், சடங்கு, தீபாவளி, திருவிழா எல்லாத்திலும் விருந்து இருக்கு. சாமியே ஒரு விருந்தாளிதான். முனியாண்டிக்கும், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்குற ரோதமுனிக்கும் படையலில் சாராயமும் சுருட்டும் வைக்கிற வழக்கம் உண்டு. படையலுக்கு வச்ச போத்தலில் வெட்கம் கிடையாது. அது முறையோடு திறக்கப்பட்டு, பங்கு வச்சுக் கொடுக்கப்படும்.

இல்லாதது இடம். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுக்குள்ளே சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே. அங்கே பெரிய கிண்ணத்தை வச்சுச் சுத்தி உட்கார எங்கே இடம்? ஆம்பிளைங்க வெளியே போனாங்க. தவறணை, பாலத்தடி, தேயிலைக்குள்ள. பங்களாவுக்கு ஒரு மண்டபமும் மதிலும் இருந்ததால் அங்கே நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே இந்தப் பக்கம் கேட்கும். அதனால் குடி அளவுக்கு மேல் ஊர் கண்ணில் பட்டது. பட்டது அடையாளமாகிப் போனது.

இதைச் சொல்லுறதால குடி செய்த நாசத்தை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. கொழுந்து கூடையைச் சுமந்தது பொம்பளை. ஆனா பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்குற வழக்கம் நெடுநாள் இருந்தது. அந்தக் காசில் எவ்வளவு அரிசியாச்சு, எவ்வளவு தவறணைக்குப் போச்சு என்பது அம்மாமாருக்கும் அம்மாச்சிமாருக்கும்தான் தெரியும். அடியும் அவங்களுக்குத்தான். சட்டக் கள்ளு சாராயத்துக்குக் காசு போதாத இடத்தில் கசிப்பு நுழைஞ்சு உயிரையும் எடுத்தது. 'காலனித்துவம்தான் காரணம்' என்று ஒரு வரியில் முடிச்சிட்டு எழும்பிப் போக எனக்கு மனசு வரவில்லை. தவறணையைக் கொண்டுவந்தது குத்தகைக்காரர் என்பது உண்மை. வீட்டுக்கு வந்து கையை ஓங்கினது யார் என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்தே எழுதணும்.

சட்டமும் பொம்பளை பக்கம் நிற்கவில்லை. 1955 முதல் இருந்த விதியின்படி, மது விற்கும் இடத்தில் பெண் மது வாங்கக்கூடாது; அனுமதி இல்லாமல் அங்கே வேலையும் செய்யக்கூடாது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே அதை ரத்துச் செய்யும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். அண்ணன் ஹோட்டல் பாரில் மார்கரிட்டா கலக்குறதைக் குடும்பமே பெருமையாகச் சொல்லும். அதே படிப்பைத் தங்கச்சி படிச்சா அவளுக்கு அந்த கவுன்டருக்குப் பின்னால் நிற்கத் தனி அனுமதி. குடியால் அதிகம் இழந்தவளுக்கு, குடியைப் பற்றி முடிவெடுக்கும் எந்த இடத்திலும் நாற்காலி போடப்படவில்லை. தவறணை வச்சபோதும் கேட்கவில்லை, தடை போட்டபோதும் கேட்கவில்லை.

இந்தக் கதையில் இப்ப மாறிக்கொண்டிருக்கிறது வீடு. தனிக் காணியில் கட்டப்படுற தனி வீடுகள், இந்திய உதவித் திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும், மெதுவாக எழும்புது. 550 சதுர அடி, ரெண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு ஹால். ஏறத்தாழ 200 வருச வரலாற்றில் நம்ம குடும்பங்களுக்கு, வந்தவங்களை உட்கார வைக்க ஒரு ஹால் கிடைப்பது இப்பதான். இன்னும் பெரும்பாலானவங்க லயத்தில்தான் இருக்காங்க.

அந்த ஹாலில் மேசை மேல் வைக்கப்போறது மார்கரிட்டாவா, இஞ்சிச் சாயத் தேத்தண்ணியா என்பது அந்த வீட்டுக்காரர் விருப்பம். வீட்டுக்காரர் என்று நான் சொல்லுறது வீட்டுக்காரியையும் சேர்த்துத்தான். போத்தல் வாங்குற காசில் அவள் உழைப்பும் இருக்கு. அதனால் திறக்கலாமா, எவ்வளவு, எப்ப மூடுறது என்பதில் அவளுடைய சொல்லுக்கும் சரிபாதி இடம் வேணும். துரை பங்களாவில் இருந்த கிண்ணத்தை நாம கொண்டாட வேண்டியதில்லை, தவறணைப் பட்டத்தையும் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது 'தோட்டத்து ஆளுங்கன்னாலே குடிதான்' என்று சொன்னா, சண்டை பிடிக்க வேணாம். நுவரெலியாவில் எத்தனை தென்னை மரம் இருக்கு என்று மட்டும் கேட்டுப் பாருங்க.