எந்தப் பூவின் தேன் வைரஸைக் கொல்லும்?



2020 கொரோனா சமயத்துல எங்க வீட்டுக்கு வந்த போன்ல பாதி தேனுக்குத்தான். வருஷம் பூரா விக்க வேண்டிய தேன் ஒரே மாசத்துல தீர்ந்துபோச்சு. அப்போ ஒரு வியாபாரி கேட்டார்: "அண்ணாச்சி, மிச்சம் இருக்கறத மொத்தமா நானே எடுக்கேன். லேபிள்ல மட்டும் 'வைரஸை ஒழிக்கும் தேன்'னு போட்டுத் தாங்க. கிலோவுக்கு நூறு ரூபா கூடத் தாறேன்."

மாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு ராத்திரி பிடிச்சது. அந்த ராத்திரியில தொடங்கி நான் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

தேன் கிருமியைக் கட்டுப்படுத்தும் என்பது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. 1937ல் ஜெர்மன் ஆய்வாளர் டோல்டும் அவருடன் இருந்தவர்களும் தேனில் கிருமிகளை வளரவிடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டு, அதற்கு 'இன்ஹிபின்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்பது 1963ல் அமெரிக்காவில் ஒயிட் என்பவரின் குழு சொன்ன பிறகுதான் தெரிந்தது: ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ ஆஸ்பத்திரியில் நுரைக்க நுரைக்க ஊற்றுவார்களே, அதேதான். தேனீ தன் வாயிலிருந்து சேர்க்கும் ஒரு நொதி, தேனில் தண்ணீர் கலக்கும்போது இதை உண்டாக்குகிறது. தேனைச் சூடாக்கினால் அந்த நொதி கெட்டுப்போகும். தேனை அடுப்பில் காய்ச்சாதே என்று அப்பா சொன்னதற்கு இதுதான் விளக்கம் போல.

அப்போ எல்லாத் தேனும் ஒண்ணுதானா? இங்கேதான் பூ வருது.

1980களில் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் அந்த நாட்டுத் தேன்களைச் சோதித்தார். பெராக்சைடை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் மனுகா என்ற புதர்ச்செடியின் தேன் கிருமிகளைத் தடுத்தது. அதில் வேறு ஏதோ இருக்கிறது. அது மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் என்று 2008ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். மனுகாப் பூவின் மதுவில் இருக்கும் ஒரு சரக்கு, தேன் முதிர முதிர இதுவாக மாறுகிறது. நம்ம ஊர் நாவல், கொய்யா, தைலமரம் எல்லாம் மனுகாவின் குடும்பம்தான். ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்றாகிவிடாது. அண்ணன் தம்பிக்குள்ளேயே பார்க்கிறோமே.

இதுவரை சொன்னது பாக்டீரியா கதை. வைரஸ் வேற சாதி. அது உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருகும்.

2012ல் அமெரிக்காவில் சின்னம்மை வைரஸை வளர்த்துத் தேனை விட்டுப் பார்த்தார்கள். ஒன்று பேர்போன மனுகாத் தேன். இன்னொன்று அந்த ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் கிளோவர் பூத் தேன். ரெண்டுமே வைரஸைத் தடுத்தன, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில். 2014ல் ஜப்பானின் நாகசாகியில் பல தேன்களை இன்ஃப்ளுயன்சா வைரஸுக்கு எதிராக வைத்துப் பார்த்தார்கள். அங்கே மனுகா முன்னால் நின்றது. ஆக, ஒரு வைரஸுக்கு ரெண்டு பூவும் சமம், இன்னொன்றுக்கு ஒரு பூ ஒசத்தி.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். இந்த ரெண்டு சோதனையும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தவை. நாகசாகியில் பயன்படுத்தியது நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல். தட்டில் தேன் நேராக வைரஸ் மேல் படுகிறது. நாம் நக்கிய தேன் வயிற்றுக்குப் போய்ச் சர்க்கரையாகச் செரித்துவிடும். நுரையீரலில் இருக்கும் வைரஸை அது எங்கே போய்ப் பிடிக்க?

மனுஷங்க மேலயும் பாத்திருக்காங்க. 2019ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், உதட்டில் கொப்புளம் வந்த 952 பேரில் பாதிப்பேருக்கு கனுகா தேன் களிம்பும் பாதிப்பேருக்கு அசைக்ளோவிர் மருந்துக் களிம்பும் தந்தார்கள். மருந்து பூசியவர்களுக்கு 8 நாளில் ஆறியது, தேன் பூசியவர்களுக்கு 9 நாளில். பெரிய வித்தியாசம் இல்லை. 'மருந்துக்குச் சமம் தேன்' என்று இதை விளம்பரம் பண்ணலாம். ஆனால் எதுவுமே பூசாத கூட்டம் என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லை. அந்தக் கொப்புளம் சும்மா விட்டாலே ஒன்றரை வாரத்துக்குள் ஆறக்கூடியது.

இருமலுக்கு மட்டும் தேனுக்கு நல்ல சாட்சி உண்டு. 2007ல் அமெரிக்காவில் சளி பிடித்த 105 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில், ராத்திரி படுக்கும் முன் பாப்பரைப் பூத் தேன் குடித்த பிள்ளைகள் நன்றாகத் தூங்கியதாகப் பெற்றோர் சொன்னார்கள். தொண்டை ஆறும், இருமல் குறையும். அது வைரஸைக் கொல்வது ஆகாது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த நாள் முதல் எங்க பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி. அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது. 1991-92ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்தது. பெட்டியைத் திறந்தால் புழுக்கள் நீட்டி நிமிர்ந்து, உடம்பு தண்ணீர்ப் பையாகி, தலையை மேலே தூக்கியபடி செத்துக்கிடக்கும். தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அப்பாவுக்கு மிஞ்சியது மூணு பெட்டி.

செத்த புழுவுக்குப் பக்கத்து அடையிலே தேன் நிறைஞ்சிருந்தது. தேனையே தின்னு, தேனுக்குள்ளேயே வாழுற உயிரை அந்தத் தேன் காப்பாத்தலை. காப்பாத்தினது, தாக்குப்பிடிச்ச கூட்டத்தோட வம்சம். அதுல இருந்து பிரிச்சுப் பிரிச்சுத்தான் அப்பா மறுபடி பெட்டி சேர்த்தார்.

எங்க தேன்ல இன்னொரு சங்கதியும் உண்டு. எங்க தேன்ல பெரும்பகுதி எந்தப் பூவோடதும் இல்லை! ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, மூணு இலை சேரும் காம்பு நுனியில் சுரக்கும் மதுவைத்தான் ஈ எடுக்குது. இதுக்குப் போய் எந்தப் பூவோட குணத்தை லேபிள்ல எழுத?

கடைசியா வீட்டுக் கதை ஒண்ணு. போன வருஷம் மகளுக்குப் பையன் பிறந்தான். அம்மா தேன் கிண்ணத்தோட சேனை தொட்டு வைக்க வந்துட்டாங்க. நான் தடுத்தேன். தேனில் சில சமயம் போட்டுலிசம் உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்து இருக்கும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, பச்சைக்குழந்தை குடலில் முளைத்து நஞ்சாகும். இந்த நோயைக் குழந்தைகளிடம் 1976லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒரு வயசு வரை தேன் கூடாது. "ஒனக்கும் ஒன் தம்பிக்கும் இந்தத் தேன்தாம்ல தொட்டு வச்சேன். செத்தா போனீய?"ன்னு அம்மா ரெண்டு நாள் பேசலை. பேசாட்டிப் பரவாயில்லைன்னு இருந்துட்டேன்.

அந்த வியாபாரி அப்புறம் வரலை. எங்க லேபிள்ல இப்போ மூணே வரி: ரப்பர் தேன். மார்ச் மாசம் எடுத்தது. ஒரு வயசுக்குக் கீழ் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.