எலும்பும் முடியும்: லங்காஸ்டர் ஆமிஷ் மக்களிடம் ஒரு மரபு நோய் இனங்காணப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் வட்டாரத்தில் வாழும் ஆமிஷ் மக்கள், 1693-ஆம் ஆண்டுவாக்கில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோபு அம்மானைப் பின்பற்றித் தனிப்பிரிவாக ஒதுங்கிய கிறித்தவர்களின் வழிவந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த சிறு கூட்டத்தின் சந்ததியினர் தமக்குள்ளேயே மணவுறவு கொண்டதோடு, தம் கொடிவழிகளை நூல்களாகவும் அச்சிட்டுக் காத்துவந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தாலொழிய வெளிப்படாத ஒடுங்குநிலை நோய்கள் இத்தகைய சமூகத்தில் அடிக்கடி தலைகாட்டும். அவை எந்த மூதாதையர் வழியாக இறங்கி வந்தன என்பதையும் அக்கொடிவழிகளைக் கொண்டே பின்தொடரலாம்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த விக்டர் மெக்கூசிக் 1960-களின் தொடக்கத்தில் இம்மக்களிடையே ஆய்வைத் தொடங்கியபோது, கைகால் குறுகிப் பிறந்தவர்கள் பெரும்பாலும் அகோண்ட்ரோபிளாசியா என்னும் பரவலான எலும்பு வளர்ச்சிக் குறையின் பெயரிலேயே அடக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஆறு விரல் உடையவர்களை எல்லிஸ்–வான் கிரெவல்ட் நோய்க்குறித் தொகுதியினர் என 1964-இல் அவரது குழு பிரித்துக் காட்டியது. எஞ்சியோரிடம் அதுவரை தனியே விவரிக்கப்படாத மற்றொரு நோய் இருப்பதை 1965-இல் அறிவித்து, அதற்குக் குருத்தெலும்பு–முடி வளர்ச்சிக் குறை எனப் பெயரிட்டது.

அந்நோயை அடையாளம் காட்டியதில் முடிக்குப் பெரும் பங்கு உண்டு. அது வெளிர்நிறமாய், பட்டிழைபோல் மெலிந்து, அடர்த்தியின்றி இருக்கும். புருவமும் இமைமயிரும்கூட அவ்வாறே அமையும். நுண்ணோக்கியில் பார்த்தால் இழையின் விட்டம் சிறுத்து, நடுவே ஓடவேண்டிய நிறமித் தண்டு இல்லாமலிருக்கும். விரல்கள் குட்டையாகவும் மூட்டுகள் தளர்ந்தும் இருக்க, முழங்கை மட்டும் முழுமையாக நீளாது. எக்ஸ்ரே படத்தில், நீள் எலும்புகளின் வளர்தட்டை ஒட்டிய பகுதி, குறிப்பாக முழங்கால் அருகே, ஒழுங்கற்றுத் தெரியும். தலையோட்டின் அமைப்போ இயல்பாக இருப்பதால் அகோண்ட்ரோபிளாசியாவிலிருந்து இதைப் பிரித்தறிய முடிந்தது. பொதுவாக எளிதில் தணிந்துவிடும் சின்னம்மை இவர்களில் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடிந்ததையும் மெக்கூசிக்கின் குழு கவனித்தது. இந்நோயில் நோய் எதிர்ப்பு ஆற்றலும் குன்றுகிறது எனப் பின்னாளில் உறுதிப்பட்ட உண்மைக்கு அதுவே முதல் தடயம் என்பதால், அந்த ஆய்வின் மிக மதிப்பு வாய்ந்த அவதானிப்பாக அதைக் கருதலாம்.

நோயின் காரணம் பின்லாந்தில் வெளிப்பட்டது. அங்கும் இந்நோய் ஒப்பீட்டளவில் மிகுதியாகக் காணப்பட்டதால், 1993-இல் குறைபாட்டின் இடம் ஒன்பதாம் குரோமோசோமில் வரையறுக்கப்பட்டு, 2001-இல் ஆர்எம்ஆர்பி என்னும் மரபணு கண்டறியப்பட்டது. புரதம் எதையும் உருவாக்காமல் ஆர்என்ஏ வடிவிலேயே பணியாற்றும் இம்மரபணு பழுதுபடும்போது உயிரணுப் பெருக்கம் தடைப்படுகிறது. எலும்பின் வளர்தட்டு, மயிர்க்கால், எதிர்ப்பாற்றல் அணுக்கள் எனத் தொடர்பற்றவையாகத் தோன்றும் உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்படுவது இதனால் விளங்கியது. பின்லாந்தியரிடமும் ஆமிஷ் மக்களிடமும் காணப்படுவது அடினினுக்குப் பதிலாகக் குவானின் அமைந்த ஒரே மாற்றமாகும். அது மிகப் பழைய ஒரு மூதாதையிடமிருந்து பல இனங்களுக்குப் பரவியது என 2002-இல் வெளியான ஆய்வு காட்டியதால், ஆமிஷ் மக்களின் மணமுறை இக்குறையைத் தோற்றுவிக்கவில்லை, முன்பே இருந்த ஒன்றைப் புலப்படச் செய்தது என்பது தெளிவாயிற்று. ஜப்பானிய நோயாளிகளிடமோ இதே மரபணுவில் வேறு மாற்றங்கள் காணப்படுகின்றன.