ஸ்டார்ட் பட்டன் காணாமப் போன கதை

1995-ல விண்டோஸ் 95-ஓட வந்து கீழ் இடது மூலையில உட்கார்ந்த ஸ்டார்ட் பட்டனை, 2012 அக்டோபர்ல விண்டோஸ் 8 தூக்கிடுச்சு. மைக்ரோசாஃப்ட் கையில டேட்டா இருந்தது: டாஸ்க்பார்லயே ஆப்களைப் பின் பண்ணிக்கிட்டதால, மக்கள் ஸ்டார்ட் மெனுவை முன்ன மாதிரி திறக்கறதில்லை. ஐபேட் வேற சந்தையைக் கலக்கிக்கிட்டிருந்தது. அதனால தொடுதிரைக்கு ஏத்த மாதிரி, திரை முழுக்க டைல்ஸ்.

மவுஸ் வச்சிருந்தவங்க பாடு திண்டாட்டம். கம்ப்யூட்டரை அணைக்கணும்னா கர்சரை வலது மூலைக்குக் கொண்டுபோய், சார்ம்ஸ் பட்டை எட்டிப் பார்த்ததும் செட்டிங்ஸ், அப்புறம் பவர், அப்புறம்தான் ஷட் டவுன். அந்த மூலையில ஒரு குறிகூடக் கிடையாது! நானும் டேட்டாவை நம்பற தொழில்லதான் இருக்கேன். ஆனா எத்தனை கிளிக்னு எண்ணற கணக்குல, வழி தெரியாதவங்க முதல்ல எங்கே திரும்புவாங்கங்கறது வராது.

2013-ல 8.1 பட்டனை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அழுத்தினா அதே டைல்ஸ். மெனு திரும்பி வந்தது 2015 ஜூலையில, விண்டோஸ் 10-லதான்.